பட்டனுக்கும் கணினிக்கும் நடுவே: வீட்டு ஆர்கேட் பெட்டிக்கு எந்த போர்டு?

காசு போட்டு நின்றபடி வீடியோ கேம் ஆடும் ஆர்கேட் பெட்டியை வீட்டிலேயே செய்பவர்கள் மரவேலைக்கும் திரைக்கும் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். பட்டன்களைக் கணினியோடு இணைக்கும் போர்டை மட்டும் கடைசி நேரத்தில், எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை வாங்கிப் போட்டுவிடுவார்கள். ஆடும்போது கைக்கும் திரைக்கும் நடுவில் நிற்பது உள்ளங்கை அளவுள்ள அந்த போர்டுதான். அது சரியில்லை என்றால் அழுத்திய பட்டன் பதியாது. இரண்டாவது ஆட்டக்காரரின் ஜாய்ஸ்டிக் முதலாமவரின் ஆளை நகர்த்தும். உச்சக்கட்ட சண்டையில் விண்டோஸ் ஏதாவது ஒரு செய்திப் பெட்டியைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு பதில் கேட்கும்.

விலையைப் பார்ப்பதற்கு முன், வேகத்தைப் பார்ப்பதற்கும் முன், ஒன்றை முடிவு செய்ய வேண்டும். மறுமுனையில் ஓடப்போகும் மென்பொருள் எதை எதிர்பார்க்கிறது, கீபோர்டையா, கேம்பேடையா? பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் மேம் என்ற மென்பொருள் 1997-ல் வந்தது. அன்றைக்கு எல்லாக் கணினியிலும் உறுதியாக இருந்த ஒரே உள்ளீட்டுக் கருவி கீபோர்டு. அதனால் அதன் இயல்பான அமைப்பு முழுவதும் கீபோர்டு விசைகளை வைத்தே எழுதப்பட்டது. இன்றைய கணினி ஆட்டங்களோ 2005-ல் எக்ஸ்பாக்ஸ் 360-உடன் வந்த எக்ஸ்இன்புட் என்ற கேம்பேட் முறையைத்தான் முதலில் தேடுகின்றன. பெட்டியில் எது அதிகம் ஓடும் என்பது தெளிவானால் பாதித் தேர்வு முடிந்த மாதிரி.

முதலில் கணக்கு

ஆர்கேட் பட்டனுக்குள் இருப்பது ஒரு சாதாரண மைக்ரோ ஸ்விட்ச். அழுத்தினால் இரண்டு முனைகள் இணையும், விட்டால் பிரியும். ஜாய்ஸ்டிக்கும் அப்படித்தான். நடுத்தண்டைச் சுற்றி நான்கு ஸ்விட்ச்கள். மூலைவாட்டில் சாய்த்தால் இரண்டு ஒன்றாக அழுந்தும். எந்த ஸ்விட்ச் மூடியிருக்கிறது என்று பார்த்துக் கணினிக்குச் சொல்வது மட்டுமே போர்டின் வேலை.

ஆகவே எத்தனை ஸ்விட்ச் என்று எண்ணிவிட வேண்டும். 1991-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆட வேண்டுமென்றால் ஆளுக்கு 6 பட்டன். ஜாய்ஸ்டிக்குக்கு 4, ஸ்டார்ட் ஒன்று, காயின் ஒன்று. ஆக ஆளுக்கு 12, இருவருக்கு 24. ஆட்டத்தை விட்டு வெளியேற ஒன்று, இடைநிறுத்த ஒன்று. பின்பால் ஆட்டமும் ஓடும் என்றால் பெட்டியின் இரு பக்கமும் ஒவ்வொன்று. 28 ஆயிற்று. ஒரே ஆள் ஆடும் சின்னப் பெட்டி என்றால் 12-லிருந்து 14-க்குள் முடிந்துவிடும். பின்னால் ஒவ்வொரு போர்டையும் அளக்க இந்த எண்தான் கை கொடுக்கும்.

பழைய கீபோர்டையும் கேம்பேடையும் உடைப்பது

செலவே இல்லாத வழி என்று இதைப் பலர் சொல்வார்கள். மூலையில் கிடக்கும் கீபோர்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் சின்ன போர்டை எடுத்து, அதன் முனைகளில் வயரைப் பற்றவைத்து பட்டனுக்கு இழுப்பது. பெட்டியில் பட்டன் மூன்றே மூன்று என்றால் செய்யலாம். அதற்கு மேல் போனால் இரண்டு சிக்கல்கள் வரும்.

முதலாவது, மேட்ரிக்ஸ். கீபோர்டில் விசைக்கு ஒரு வயர் கிடையாது. நீளவாக்கில் சில கோடுகள், குறுக்குவாக்கில் சில கோடுகள். அவை சந்திக்கும் இடம்தான் விசை. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் நான்காவது மூலையும் அழுந்தியது போலவே மின்சாரம் சுற்றி வந்துவிடும். இதற்கு கோஸ்டிங் என்று பெயர். தட்டச்சு செய்பவருக்கு இது தெரியவே தெரியாது. இருவர் சேர்ந்து ஆடும்போது மூன்று நான்கு விசை எப்போதும் அழுந்தித்தான் இருக்கும். இதைத் தவிர்க்கத்தான் பல கீபோர்டுகள் மூன்றாவது விசையையே பதியாமல் விட்டுவிடுகின்றன. ஆடுபவருக்கு அதுவும் தொல்லைதான்.

இரண்டாவது, கைவேலை. உள்ளே இருக்கும் தொடர்பு முனைகள் பெரும்பாலும் கார்பன் பூச்சு. அதில் ஈயம் ஒட்டாது. சுரண்டி, செம்பைத் தேடிப் பிடித்து வயரை ஒட்டவைத்தாலும் ஒரு இழுப்பில் கையோடு வந்துவிடும். எந்த முனையும் எந்த முனையும் சேர்ந்தால் எந்த எழுத்து வருகிறது என்று பட்டியல் போடவே ஒரு நாள் போய்விடும்.

கேம்பேடை உடைப்பதும் இதே கதைதான். எல்லா பட்டனுக்கும் ஒரே கிரவுண்ட், அதாவது பொதுவான எதிர்முனை, இருக்கும் மாடல் கையில் இருந்தால் கொஞ்சம் சுலபம். பற்றவைப்பதில் நல்ல பழக்கம் உள்ளவர்கள், குறிப்பிட்ட ஒரு கன்சோலோடு பேசியே தீர வேண்டும் என்ற தேவையிருந்தால் செய்யலாம். மற்றபடி சில்லறை மிச்சம் பிடிக்க இதில் இறங்க வேண்டாம்.

ஜீரோ டிலே போர்டு

எங்கும் கிடைப்பது, பட்டன் செட்டோடு சேர்த்தே வருவது, மலிவானது. ஒரு ஜாய்ஸ்டிக், 12 பட்டன் வரை. ஒவ்வொரு பட்டனுக்கும் இரட்டை வயர், ஒரு முனையில் போர்டில் செருகும் சின்ன பிளக், மறுமுனையில் ஸ்விட்ச்சில் செருகும் லக் என்ற உலோகக் கவ்வி. சான்வா ஜேஎல்எஃப் வகை ஜாய்ஸ்டிக்குக்கென 5 ஊசிச் செருகியும் உண்டு. கத்தரிக்கோல்கூட எடுக்காமல் ஒரு மாலையில் முடித்துவிடலாம். பற்றவைப்பு என்றாலே ஒதுங்குபவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

பெயரில் உள்ள ஜீரோவை மட்டும் நம்பிவிட வேண்டாம். அது விற்பனைக்காக வைத்த பெயர். தாமதமே இல்லாத போர்டு என்று ஒன்று கிடையாது, குறைவு அதிகம்தான் உண்டு.

இதன் உண்மையான சிக்கல் தாமதம் அல்ல. ஒரு போர்டு ஒரு ஆளுக்குத்தான். இருவருக்கு இரண்டு போர்டு வேண்டும். இரண்டும் கணினியிடம் ஒரே பெயரை, ஒரே அடையாள எண்ணைச் சொல்லிக்கொண்டு வந்து நிற்கும். எது முதலாவது, எது இரண்டாவது என்பதைக் கணினி தனக்கு எந்த வரிசையில் தெரிந்ததோ அப்படி வைத்துக்கொள்ளும். இன்று இடது பக்கம் முதல் ஆளாக இருக்கும். வேறு யூஎஸ்பி துளையில் மாற்றிச் செருகினாலோ, சில நேரம் வெறுமனே மறுபடி இயக்கினாலோ வலது பக்கம் முதல் ஆளாகிவிடும். சரிசெய்ய வழி இருக்கிறது. மேமில் சாதனத்தின் அடையாளத்தை அமைப்புக் கோப்பில் எழுதி நிலைநிறுத்தலாம். லினக்ஸில் எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்பதை வைத்துப் பிரிக்க விதி எழுதலாம். ஆனால் பற்றவைப்புக்குப் பயந்து இந்த போர்டை வாங்கியவர் அமைப்புக் கோப்பைத் திறந்து உட்கார விரும்புவாரா என்பது சந்தேகம்தான்.

ஒரே போர்டில் இருவரையும் சேர்த்த ஜின்-மோ போன்றவையும் உண்டு. அவற்றுக்கு வேறு தலைவலி. பழைய லினக்ஸ் கெர்னல்களில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இருவரும் ஒரே ஜாய்ஸ்டிக்காகத் தெரிவார்கள். தொடக்க அமைப்பில் ஒரு வரி சேர்த்தால்தான் பிரிவார்கள். வாங்குவதற்கு முன் நீங்கள் ஓட்டப்போகும் இயங்குதளத்தின் பதிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கீபோர்டு என்கோடர்

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். பட்டன் அழுத்தத்தைக் கீபோர்டு விசையாக மாற்றிச் சொல்லும் போர்டு இது. பிரிட்டனில் உள்ள அல்டிமார்க் நிறுவனத்தின் ஐ-பேக் இந்த வகையின் பிரதிநிதி. ஐ-பேக் 2-ல் 32 உள்ளீடுகள், ஐ-பேக் 4-ல் 56. ஒவ்வொரு பட்டனுக்கும் தனி முனை; மேட்ரிக்ஸ் கிடையாது, அதனால் கோஸ்டிங்கும் கிடையாது. பெரும்பாலும் திருகு முனைகள். வயர் நுனியைச் சீவி, உள்ளே விட்டு முறுக்கினால் போதும். கணினிக்கு இது ஒரு கீபோர்டு, அவ்வளவுதான். டிரைவர் வேண்டாம். விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் பயாஸ் திரையில்கூட பட்டன் வேலை செய்யும். இருவரும் ஒரே கருவிக்குள் இருப்பதால் ஆள் மாறாட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. முதல் ஆளின் இடது எப்போதும் இடது அம்பு விசைதான், இரண்டாம் ஆளின் மேல் எப்போதும் ஆர் எழுத்துதான்.

அதன் ஆரம்ப அமைப்பே மேமின் விசைகளோடு ஒத்துப்போகும். காயினுக்கு 5, ஸ்டார்ட்டுக்கு 1. பெட்டியின் முகத்தில் தேவையில்லாத பட்டன்களைக் குறைக்க ஷிஃப்ட் முறையும் உண்டு. முதல் ஸ்டார்ட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது ஸ்டார்ட்டைத் தட்டினால் எஸ்கேப், அதாவது ஆட்டத்திலிருந்து வெளியே. பேனல் சுத்தமாக இருக்கும். ஆடிக்கொண்டிருக்கும்போது கை தவறி வெளியேறுவதும் நடக்காது.

குறைகளும் உண்டு. மேமின் இயல்பு அமைப்பில் முதல் ஆளின் நான்காவது பட்டன் இடது ஷிஃப்ட் விசை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ல் அதுதான் லேசான உதை. விண்டோஸில் ஷிஃப்ட்டைத் தொடர்ந்து 5 முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் என்ற வசதி வேண்டுமா என்று செய்திப் பெட்டி திறக்கும். எதிரியை மூலையில் தள்ளி வைத்து விடாமல் உதைக்கும் நேரம் பார்த்து அது வந்து நிற்கும். அணுகல்தன்மை அமைப்பில் போய் அந்தக் குறுக்குவழியை அணைத்துவிட்டால் தீர்ந்தது. அணைக்க வேண்டும் என்று தெரியாதவர்கள்தான் போர்டு பழுது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு குறை, இன்றைய ஆட்டங்கள். இருவர் ஆடும் புதிய சண்டை ஆட்டம் பலவற்றில் இரண்டு கேம்பேட் இருந்தால்தான் இரண்டாம் ஆள் உள்ளே வர முடியும். ஐ-பேக்கின் புதிய பதிப்புகள் தேவைப்பட்டால் கேம்பேடாகவும் மாறிக்கொள்ளும் என்பதால் இந்தக் குறை முன்பைப் போலக் கடுமையாக இல்லை. விலைதான் ஜீரோ டிலேயைவிடப் பல மடங்கு. இரண்டு ஜீரோ டிலே வாங்கும் இடத்தில் இதில் ஒன்று போதும் என்று கணக்குப் போட்டாலும் இடைவெளி மறையாது.

சொந்தமாக புரோகிராம் செய்யும் போர்டுகள்

மைக்ரோகன்ட்ரோலர் என்ற, புரோகிராம் ஏற்றக்கூடிய சிப்பை எடுத்து நாமே என்கோடர் செய்துகொள்வது அடுத்த வழி. முன்பு இதற்கு ஆர்டுயினோ லியோனார்டோ அல்லது புரோ மைக்ரோ போர்டு. இரண்டிலும் ஏடிமெகா32யூ4 சிப். அதற்கு யூஎஸ்பி உள்ளேயே இருப்பதால் கீபோர்டாகவோ ஜாய்ஸ்டிக்காகவோ நேரடியாக நடிக்கும். வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று பழைய ஆர்டுயினோ ஊனோவை எடுக்க வேண்டாம். அதன் முதன்மைச் சிப் யூஎஸ்பியோடு நேரடியாகப் பேசாது.

லியோனார்டோவில் பயன்படும் முனைகள் 20. ஒரு ஆளுக்குத் தாராளம், இருவரின் 24-க்குப் பற்றாது. அப்புறம் ஒரு நுட்பம். ஆர்டுயினோவின் இயல்பான கீபோர்டு நூலகம், அதாவது ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல்தொகுப்பு, ஒரே நேரத்தில் 6 விசைகளைத்தான் அனுப்பும். கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் போன்றவை இந்த 6-ல் சேராது. இது போதாதா என்று தோன்றும். கணக்குப் போடுங்கள். முதல் ஆள் மூலைவாட்டில் இழுக்கிறார், 2. அவருடைய மூன்றாவது பட்டன் ஸ்பேஸ், 3 ஆயிற்று. இரண்டாம் ஆளும் மூலைவாட்டில், 5. அவர் இரண்டு பட்டனை ஒன்றாகத் தட்டுகிறார், அவருக்கு எல்லாமே எழுத்து விசைகள், 7. ஒன்று பதியாமல் போகும். எது போகும் என்பதில் இருவருக்கும் சண்டை வரும். எல்லா விசைகளையும் ஒருசேர அனுப்பும் வேறு நூலகங்கள் இருக்கின்றன. இரண்டு பேர் ஆடும் பெட்டிக்கு அவற்றைத்தான் எடுக்க வேண்டும்.

இன்று இந்த வழியில் போகிறவருக்கு நான் கை காட்டுவது ராஸ்பெரி பை பைகோ என்ற சின்ன போர்டை. அதிலுள்ள ஆர்பி2040 சிப்புக்காகவே எழுதப்பட்ட ஜிபி2040-சிஇ என்ற திறந்தமூல மென்பொருள், புரோகிராம் எழுதுகிற வேலையையே இல்லாமல் செய்துவிட்டது. பைகோவில் இருக்கும் பூட்செல் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு யூஎஸ்பியில் செருகினால் பென் டிரைவ் போலத் திறக்கும். அதில் கோப்பை இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. அதன்பின் ஸ்டார்ட் பட்டனைப் பிடித்துக்கொண்டு செருகி, உலாவியில் 192.168.7.1 என்று அடித்தால் அமைப்புப் பக்கம் வரும். எந்த முனை எந்த பட்டன் என்று அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். எக்ஸ்இன்புட், நின்டெண்டோ ஸ்விட்ச், கீபோர்டு என்று வேண்டிய வேடத்தில் நிற்கும். ஒரு போர்டு ஒரு ஆளுக்கு என்பது இங்கும் உண்டு. எக்ஸ்இன்புட்டில் இரண்டு போர்டு வைத்தால், ஜீரோ டிலேயில் சொன்ன அதே வரிசைக் குழப்பத்துக்கும் தயாராக இருக்க வேண்டும்.

பைகோவின் முனைகள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. வெறும் பட்டனை கிரவுண்டோடு சேர்க்கும் வரை எந்த ஆபத்தும் இல்லை. விளக்கு எரியும் பட்டனின் 5 வோல்ட்டோ 12 வோல்ட்டோ தவறி உள்ளீட்டு முனையில் பட்டால் போர்டு போய்விடும். போர்டு மலிவு என்பதால் மனம் ஆறும், ஆனால் அன்றைய வேலை கெட்டுவிடும்.

ராஸ்பெரி பை கணினியே பெட்டிக்குள் இருந்தால் அதன் 40 ஊசி ஜிபிஐஓவில் (வெளிக்கருவிகளை இணைக்கும் முனைகள்) நேரடியாகவே பட்டன்களைக் கோர்க்கும் வழியும் இருக்கிறது. நடுவில் போர்டே இல்லை என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்கான டிரைவர் கெர்னலோடு ஒட்டியிருப்பது. கெர்னலைப் புதுப்பித்தால் திரும்ப நிறுவ வேண்டிவரும். 2023-ல் வந்த பை 5-ல் ஜிபிஐஓ ஆர்பி1 என்ற தனிச் சிப்புக்குப் போய்விட்டதால், பழைய சிப்போடு நேரடியாகப் பேசும் டிரைவர்கள் அங்கே செல்லாது. நாளைக்குக் கணினியை மாற்றினால் வயரிங் முழுவதும் வீண். யூஎஸ்பி போர்டு என்றால் ஒரு கேபிளைப் பிடுங்கி அடுத்த கணினியில் செருகினால் போதும். இந்த ஒரு காரணத்துக்காகவே ஜிபிஐஓ வழியை நான் பரிந்துரைப்பதில்லை.

டிராக்பால், ஸ்பின்னர், ஜாமா

1980-ன் மிசைல் கமாண்டும் 1981-ன் சென்டிபீடும் டிராக்பால் என்ற உருட்டும் பந்தில் ஆட வேண்டியவை. 1981-ன் டெம்பெஸ்ட்டுக்கு ஸ்பின்னர் என்ற சுழற்றும் குமிழ். இவை ஸ்விட்ச் அல்ல. உருளும்போது ஒன்றுக்கொன்று கால்சுற்று விலகிய இரண்டு துடிப்புகளை அனுப்பும். எது முந்துகிறது என்பதை வைத்துத் திசை தெரியும். ஜீரோ டிலேயில் இதைக் கொண்டுவந்து மாட்ட இடமே இல்லை. இதற்கென உள்ள தனி போர்டு வேண்டும், அல்லது யூஎஸ்பியோடு வரும் டிராக்பால் வாங்க வேண்டும். கணினிக்கு அது மவுஸாகத் தெரியும்.

பழைய ஆர்கேட் பெட்டி ஒன்று கையில் வந்து, அதன் வயரிங் அப்படியே இருந்தால் அதை வெட்டி எறிந்துவிடாதீர்கள். 1985-ல் ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கம் வகுத்த ஜாமா தரத்தின் 56 முனைச் செருகி அதில் இருக்க வாய்ப்பு அதிகம். ஜே-பேக் போன்ற போர்டு அந்தச் செருகியில் நேராகப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஜாமா அடிப்படையில் ஆளுக்கு 3 பட்டன்தான். 6 பட்டன் ஆட்டங்களுக்கு மீதி மூன்றைத் தனியாக இழுக்க வேண்டும்.

தாமதம் பற்றி இரண்டு வார்த்தை

போர்டு விவாதங்களில் அதிகம் சூடாகும் விஷயம் இது. கணினி யூஎஸ்பி கருவியைக் குறிப்பிட்ட இடைவெளியில் போய் விசாரிக்கிறது. நல்ல போர்டுகளில் மில்லிநொடிக்கு ஒரு முறை, சுமாரானவற்றில் 8 மில்லிநொடிக்கு ஒரு முறை. 8 என்றால் சராசரி காத்திருப்பு அதில் பாதி, 4. நொடிக்கு 60 படம் ஓடும் ஆட்டத்தில் ஒரு படத்தின் ஆயுள் 16.67 மில்லிநொடி. அதாவது மோசமான போர்டும் இந்தக் கணக்கில் கால் படம் அளவுதான் சராசரியாகத் தின்கிறது. ஸ்விட்ச் மூடும்போது முனைகள் துள்ளுவதால் வரும் அதிர்வை வடிகட்ட போர்டு எடுத்துக்கொள்ளும் நேரமும் இதோடு சேரும். முதல் தொடுதலை உடனே அனுப்பிவிட்டு அதன்பின் வரும் அதிர்வை ஒதுக்கும் மென்பொருள் நல்லது; அதிர்வு அடங்கும் வரை காத்திருந்து அனுப்புவது மந்தம்.

இத்தனையும் பேசிவிட்டு, படத்தை மெருகேற்றிக் காட்டும் பழைய தொலைக்காட்சியை கேம் மோடு போடாமல் பெட்டியில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே போகும் நேரத்துக்கு முன்னால் போர்டின் தாமதம் தூசு. முதலில் திரையைக் கவனியுங்கள்.

என் தேர்வு

இருவர் ஆடும் பெட்டி, பெரும்பாலும் பழைய ஆர்கேட் ஆட்டங்கள் என்றால் ஐ-பேக் 2 வகையிலான கீபோர்டு என்கோடர். விலை உறுத்தும், ஆனால் மாட்டியபின் அதை மறந்துவிடலாம். விருந்தினர் வந்து இயக்கும்போது யார் முதல் ஆள் என்று தேட வேண்டியதில்லை என்பதற்கே அந்தப் பணம் தகும்.

ஒருவர் ஆடும் பெட்டி, அல்லது புதிய சண்டை ஆட்டங்கள், அல்லது கன்சோலிலும் செருகிப் பார்க்கும் ஆசை: பைகோவும் ஜிபி2040-சிஇயும். கன்சோல் என்றால் எந்த கன்சோல் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிளேஸ்டேஷன் 4 அடையாளச் சரிபார்ப்பு கேட்கும். அதற்கான ஏற்பாடு இல்லாத போர்டைச் சில நிமிடத்தில் துண்டித்துவிடும். ப்ரூக் போன்ற நிறுவனங்கள் கன்சோல்களுக்கென்றே போர்டு விற்பது இதனால்தான்.

ஜீரோ டிலேயை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. குழந்தைகளுக்காக ஒரு ஆள் பெட்டி, பட்டன் இடைவெளி சரியாக இருக்கிறதா என்று அட்டையில் துளை போட்டுச் சோதிக்கும் பேனல், இவற்றுக்கு அது தாராளமாகப் போதும். பிடிக்காவிட்டால் போர்டை மட்டும் மாற்றலாம். ஆனால் அதற்கு வயரிங் ஒழுங்காக இருக்க வேண்டும்.

வயரிங்

எந்த போர்டு எடுத்தாலும் வேலை ஒன்றுதான். ஒவ்வொரு ஸ்விட்ச்சிலிருந்தும் ஒரு வயர் போர்டின் உள்ளீட்டுக்கு. மற்ற முனைகள் எல்லாம் பொதுவான கிரவுண்டுக்கு. மைக்ரோ ஸ்விட்ச்சில் மூன்று முனை இருந்தால் சிஓஎம் என்று எழுதியதில் கிரவுண்ட், என்ஓ என்று எழுதியதில் உள்ளீடு. என்சி முனையை அப்படியே விட்டுவிட வேண்டும். அதில் மாட்டினால் பட்டன் எப்போதும் அழுந்தியபடியே இருக்கும், அழுத்தும்போதுதான் விடும். திரையில் ஆள் தானாகக் குதித்துக்கொண்டே இருந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

கிரவுண்டை பட்டனுக்குப் பட்டன் லூப் அடித்துக்கொண்டு போவதுதான் வழக்கம். 24 தனி வயரைப் போர்டுக்கு இழுப்பதைவிட இது எவ்வளவோ மேல். லூப்பின் ஒரு முனையை மட்டும் போர்டில் மாட்டினால், நடுவில் ஒரு லக் கழன்றாலும் அதற்குப் பின்னால் உள்ள அத்தனை பட்டனும் செத்துவிடும். கடைசிப் பட்டனிலிருந்து இன்னொரு வயர் எடுத்து மறுபடி போர்டின் கிரவுண்டுக்கே கொண்டுவந்து வளையமாக மூடிவிடுங்கள். ஓரிடத்தில் விட்டாலும் மறுபக்கத்திலிருந்து கிரவுண்ட் வரும். ஒரு முழ வயர்தான் கூடுதல் செலவு. ஜீரோ டிலேயில் ஒவ்வொரு பிளக்கிலும் கிரவுண்ட் சேர்ந்தே வருவதால் இந்த வேலை கிடையாது; பதிலுக்கு வயர் எண்ணிக்கை இரட்டிப்பாகும்.

லக்கின் அளவைப் பார்த்து வாங்க வேண்டும். சான்வா, செய்மிட்சு வகை ஜப்பானியப் பட்டன்களுக்கு 2.8 மில்லிமீட்டர். அமெரிக்க ஹாப் வகை மைக்ரோ ஸ்விட்ச்களுக்குப் பெரும்பாலும் 4.8, சிலவற்றுக்கு 6.3. பெரிய லக்கைச் சின்ன முனையில் மாட்டி இடுக்கியால் நசுக்கிவிடலாம் என்று தோன்றும். ஓங்கி அடிக்கும் பட்டனில் அது நாள் கணக்கில்கூட நிற்காது. வயர் மெலிதாக இருந்தாலும் மின்சாரத்துக்குப் போதும், ஓடுவது ஒரு மில்லியாம்பியர்கூடத் தேறாது. ஆனால் சிவப்பு உறை போட்ட லக் 0.5 சதுர மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள வயருக்கானது. அதைவிட மெல்லிய வயரைச் சீவி அப்படியே விட்டு அழுத்தினால் உருவிக்கொண்டு வந்துவிடும். நுனியை இரட்டையாக மடித்து உள்ளே விட்டு அழுத்தினால் பிடிக்கும். அழுத்தியபின் ஒவ்வொன்றையும் ஒரு முறை இழுத்துப் பாருங்கள்.

ஜாய்ஸ்டிக்கில் எல்லோரையும் குழப்பும் ஒன்று உண்டு. கைப்பிடியை மேலே தள்ளினால் பேனலுக்கு அடியில் தண்டின் கீழ்முனை எதிர்ப்பக்கம் சாயும். ஆகவே மேல் திசைக்கான வயர் ஆடுபவருக்குப் பக்கத்தில் உள்ள ஸ்விட்ச்சுக்குப் போக வேண்டும். இடது வலதும் அப்படியே தலைகீழ். அதோடு நாம் பேனலைக் கவிழ்த்து வைத்துக்கொண்டுதான் வயர் மாட்டுவோம். அது இன்னொரு தலைகீழ். மனக்கணக்கு போடாமல், மல்டிமீட்டரை பீப் ஒலி வரும் நிலையில் வைத்து, ஜாய்ஸ்டிக்கை ஒரு திசையில் பிடித்துக்கொண்டு எந்த ஸ்விட்ச் கத்துகிறது என்று பார்த்து அதன்மேல் ஒரு துண்டு டேப்பில் எழுதி ஒட்டிவிடுவது நல்லது.

நிறம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். கிரவுண்டுக்குக் கறுப்பு, முதல் ஆளுக்கு ஒன்று, இரண்டாம் ஆளுக்கு ஒன்று. பேனலைத் தூக்கித் திறக்கும்படி செய்திருந்தால், திறந்த நிலையில் வயர் இழுபடாத அளவுக்கு நீளம் விட்டு, கீல் பக்கமாகக் கட்டிக்கொண்டு போக வேண்டும். போர்டைப் பேனலின் அடியிலேயே திருகிவிட்டால் பெட்டிக்குள் போவது ஒரே ஒரு யூஎஸ்பி கேபிள்தான். அந்தக் கேபிளையும் போர்டுக்கு அருகிலேயே ஒரு கிளிப் போட்டு மரத்தில் பிடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் இழுப்பெல்லாம் யூஎஸ்பி சாக்கெட்டின்மேல் போய், போர்டு நன்றாக இருக்கும்போதே சாக்கெட் பெயர்ந்து வரும்.

விளக்கு பட்டன்களில் நான்கு முனை இருக்கும். இரண்டு ஸ்விட்ச்சுக்கு, இரண்டு எல்இடிக்கு. எல்இடிக்கான மின்சாரத்தைத் தனி வயரில், தனி நிறத்தில் கொண்டுபோங்கள். 5 வோல்ட் வகையா 12 வோல்ட் வகையா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும். ஒன்றுக்கு 20 மில்லியாம்பியர் என்று வைத்தாலும் 24 பட்டனுக்கு 480 ஆகிவிடும். யூஎஸ்பி 2.0 துளை ஒன்று தருவதே 500 என்பதால் அதிலிருந்து எடுக்காமல் தனி அடாப்டர் வைப்பதுதான் பாதுகாப்பு. எல்இடி எரியவில்லை என்றால் இரண்டு வயரையும் மாற்றிச் செருகிப் பாருங்கள், அதற்கு நேர், எதிர் உண்டு.

எல்லாம் மாட்டியதும் மேம் போன்ற எமுலேட்டரை உடனே திறக்க வேண்டாம். கேம்பேட் போர்டு என்றால் விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் சோதனைத் திரையில், லினக்ஸில் ஜேஎஸ்டெஸ்ட் அல்லது ஈவிடெஸ்ட் என்ற சோதனை நிரலில், ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பாருங்கள். கீபோர்டு என்கோடருக்கும் ஈவிடெஸ்ட் உதவும். விண்டோஸில் எந்த விசை அழுந்துகிறது என்று காட்டும் ஏதாவது ஒரு சோதனைப் பக்கம் போதும். ஒரு பட்டன் மட்டும் வரவில்லை என்றால் அதன் உள்ளீட்டு வயர். ஒரு இடத்துக்கு அப்பால் வரிசையாக எதுவும் வரவில்லை என்றால் கிரவுண்ட் லூப். இரண்டு பட்டன் ஒன்றாகவே பதிந்தால் போர்டின் முனையில் பக்கத்து வயரின் ஒரு மயிரிழை செம்பு தொட்டுக்கொண்டிருக்கும். அப்புறம் இருவரின் எல்லா பட்டனையும் கைக்கு எட்டியவரை ஒன்றாக அழுத்திப் பிடித்து, திரையில் எண்ணிக்கை குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் பேனலை மூடித் திருகிவிடலாம்.